கம்பெனி பெயர் மாறினால் நாம் போட்ட கையெழுத்து என்ன ஆகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெஸ்தாரி ஜெயாவில் எனக்கு ஒரு சின்ன போட்டோஸ்டாட் கடை. அதற்கு முன் 19 வருடம் தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா). அந்தப் பழக்கத்தில் ஃபாரம் நிரப்ப, கடிதம் தட்ட, லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லக் கேட்க ஆட்கள் வருவார்கள். கொஞ்ச நாளாக எங்கள் சுற்று வட்டாரத்தில் பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன: ஒரு செம்பனை ஆலை, ஒரு லாரி கம்பெனி, ஒரு உரக் கிடங்கு. பலகை மாறிய வாரமே பழைய அக்ரிமெண்டை மடித்துக்கொண்டு யாராவது கடைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. சட்டம் படித்த சொந்தக்காரர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். எழுதியிருப்பது தீபகற்ப மலேசியாவுக்கு. சபா, சரவாக்கில் தொழிலாளர் சட்டம் தனி.

கம்பெனி பேரு மாறிடுச்சு. நான் கையெழுத்து போட்டது பழைய பேருக்குத்தானே? அப்ப அந்த அக்ரிமெண்ட் செல்லாதுதானே அக்கா?

செல்லும். சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஓர் ஆள். பெயரை மாற்றிக்கொண்டதால் அந்த ஆள் வேறு ஆளாகிவிடுவதில்லை. 2016ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இதை நேரடியாகவே சொல்கிறது: பெயர் மாற்றத்தால் கம்பெனியின் உரிமையும் குறையாது, கடமையும் குறையாது, நடந்துகொண்டிருக்கும் வழக்கும் கெடாது. உங்களுக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கியும் அப்படியே நிற்கும், நீங்கள் கொடுத்த வாக்கும் அப்படியே நிற்கும்.

நம் ஊரையே பாருங்கள். 2007 வரை இது பத்தாங் பெர்ஜுந்தை. பிறகு பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறியது என்று மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டைக் கிழித்துப் போட்டாரா? பெரிய இடத்திலும் இதே கதைதான். சைம் டார்பி பிளான்டேஷன் 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே வேலை செய்தவர்களின் சர்வீஸ் அதற்காக முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்கவில்லை.

பேரு மட்டும்தான் மாறிச்சா, இல்ல கம்பெனியே வேறயான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெயரைப் பார்க்காதீர்கள், பதிவு எண்ணைப் பாருங்கள். நமக்கு ஐசி (அடையாள அட்டை) நம்பர் எப்படியோ கம்பெனிக்குப் பதிவு எண் அப்படி. பெயர் எத்தனை தடவை மாறினாலும் எண் மாறாது.

போன மாதம் ஒரு தம்பி ஆலைச் சீருடையோடு வந்தான், கையில் எண்ணெய்க் கறை. இரண்டு பே ஸ்லிப்பைக் கண்ணாடி மேசை மேல் வைத்தான். ஒன்று பழைய பெயரில், ஒன்று புதுப் பெயரில். லோகோ வேறு, நிறம் வேறு, எழுத்து வேறு. கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஓர் எண் இருந்தது. ஸ்கேலை வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டோம். 12 இலக்கமும் ஒன்றுதான். “அட, அதே ஆளா?” என்றான். அதே ஆள்தான்.

ஒரு குழப்பம் மட்டும் வரும். 2019 அக்டோபர் 11 முதல்தான் இந்த 12 இலக்க எண் வந்தது. முதல் நான்கு இலக்கம் கம்பெனி பதிவான வருடம், அடுத்த இரண்டு என்ன வகைப் பதிவு என்பது, கடைசி ஆறு வரிசை எண். அதற்கு முந்தைய கடிதங்களில் கடைசியில் ஓர் எழுத்தோடு பழைய எண்தான் இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு “நம்பர் வேறயா இருக்கே” என்று பதற வேண்டாம். புதுக் கடிதத்தில் பெரும்பாலும் பழைய எண்ணையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பெயர் மாறிய பிறகு குறைந்தது 12 மாதத்துக்குப் பழைய பெயரையும் கடிதத் தாளில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் எஸ்எஸ்எம், அதாவது கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டி அந்த எண்ணைத் தேடலாம். பழைய பெயர், மாறிய தேதி எல்லாம் வந்துவிடும்.

பேரும் அதே, நம்பரும் அதே. ஆனா பழைய தவுக்கே (உரிமையாளர்) வித்துட்டாரு, புது தவுக்கே வந்துட்டாரு. அப்ப?

பங்கு கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் முதலாளி தவுக்கே இல்லை, கம்பெனி. அது அங்கேயே இருக்கிறது. அக்ரிமெண்டும் அங்கேயே இருக்கிறது.

நம்பரே வேற. புது கம்பெனி ஆலையை வாங்கிடுச்சு. பழைய அக்ரிமெண்ட் அவங்களுக்குப் போயிடுமா?

தானாகப் போகாது. இயந்திரம், கட்டடம், லாரி, நிலம் எல்லாவற்றையும் விற்கலாம். வேலைக்காரரின் ஒப்பந்தத்தை அவர் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. இதற்கு எல்லோரும் சுட்டிக்காட்டும் வழக்கு 1940இல் இங்கிலாந்தில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த நோக்ஸ் வழக்கு. நோக்ஸ் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவருடைய சுரங்கக் கம்பெனி இன்னொன்றோடு இணைக்கப்பட்டது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. வேலைக்கு வரவில்லை என்று புதுக் கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது. உன்னோடு அவருக்கு ஒப்பந்தமே இல்லையே என்று சபை சொல்லிவிட்டது. யாரிடம் வேலை செய்வது என்று தானே தேர்ந்தெடுக்கும் உரிமைதான் வேலைக்காரரையும் அடிமையையும் பிரிக்கிறது என்ற பொருளில் அட்கின் பிரபு அதில் எழுதினார். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே புதுக் கம்பெனிக்கு வேண்டுமென்றால் உங்களோடு புது ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது மூன்று தரப்பும் சேர்ந்து பழையதை மாற்றி எழுத வேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இப்படி மாற்றி எழுதுவதைப் பற்றிப் பேசுகிறது.

சர்வீஸ், நட்ட ஈடு விஷயம் தனி. 1980ஆம் ஆண்டு வேலை நீக்க நட்ட ஈட்டு விதிமுறைகளின்படி, தொழில் கைமாறிய 7 நாட்களுக்குள் புது உரிமையாளர் முன்னைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தருவதாகச் சொன்னால், நீங்கள் ஏற்றுக்கொண்டதும் சர்வீஸ் அறுபடாமல் தொடரும். நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால் நட்ட ஈடு கிடையாது. அப்படி அழைக்காமல் விட்டார்கள் என்றால் பழைய முதலாளியும் புது உரிமையாளரும் இருவருமே நட்ட ஈட்டுக்குப் பொறுப்பு: 2 வருடத்துக்குக் கீழே என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடம் வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குப் பொதுவாக இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் சொந்த ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

புது கம்பெனி லெட்டரும் தரல, நானும் கேட்கல. ரெண்டு வருஷமா அதே மேசையிலதான் உட்கார்ந்திருக்கேன். இப்ப போறேன்னதும் பழைய அக்ரிமெண்டை எடுத்து நீட்டுறாங்க.

இது இழுபறியான இடம். நீங்கள் வேலை செய்தீர்கள், அவர்கள் சம்பளம் போட்டார்கள். காகிதம் இல்லாவிட்டாலும் உங்களுக்குள் ஒப்பந்தம் உண்டு. சம்பளம், லீவு, வேலை நேரம் பழையபடியே தொடர்ந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய கம்பெனிக்கு நீங்கள் கொடுத்த கட்டுப்பாட்டு வாக்குறுதியும் (வேலையை விட்ட பின் இதே தொழில் செய்ய மாட்டேன் என்பது மாதிரி) கூடவே வந்துவிட்டது என்று சொல்கிறவர்கள்தான் அதைக் காட்ட வேண்டும். நீங்கள் சும்மா இருந்ததை மட்டும் வைத்து அதைக் காட்டுவது சுலபம் இல்லை.

அந்த இரண்டு வருடத்தில் “புது நிர்வாகத்தின் கீழ் பழைய நிபந்தனைகளை ஏற்கிறேன்” என்ற மாதிரி ஏதாவது சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டீர்களா என்று மட்டும் நன்றாக யோசித்துப் பாருங்கள். பஞ்ச் கார்டு வாங்கும்போது நீட்டிய தாளாகக்கூட இருக்கலாம்.

சரி, நம்பர் அதே நம்பர்தான். “வேலையை விட்டு 2 வருஷத்துக்கு 50 கிலோமீட்டருக்குள்ள இதே தொழில் செய்யக்கூடாது”ன்னு எழுதியிருக்கு. அப்ப நான் செத்தேனா?

இல்லை. மேலே இவ்வளவு எழுதியதே இதற்காகத்தான். அக்ரிமெண்ட் உயிரோடு இருப்பது வேறு, அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் செல்லுவது வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. “அந்த அளவுக்கு” என்பதைக் கவனியுங்கள். தடுக்கும் வரி மட்டும் போகும், மற்றது நிற்கும்.

1964இல் கோத்தா பாருவில் ஒரு வழக்கு. வேலைக்குச் சேர்ந்த வக்கீல், விலகிய பின் 2 வருடத்துக்கு அந்த ஊரிலிருந்து 5 மைலுக்குள் தொழில் நடத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். செல்லாது என்று தீர்ப்பு. சட்டம் தெரிந்த இரண்டு வக்கீல்களுக்கு நடுவிலேயே இந்த கதி என்றால் பாருங்கள். 1994இல் சர்ச் என்ற ராக் இசைக்குழுவுக்கும் அதன் ரெக்கார்டிங் கம்பெனிக்கும் நடந்த வழக்கிலும், ஒப்பந்தம் முடிந்த பிறகு கையைக் கட்டும் ஷரத்து நியாயமானதா என்று பார்க்கவே தேவையில்லை, செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. விதிவிலக்கு இருக்கிறது: கடையை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கும், கூட்டு வியாபாரத்தில் பங்காளிகளுக்கும். மாதச் சம்பளக்காரருக்கு இல்லை.

அப்புறம் ஏன் எல்லா அக்ரிமெண்டிலும் இதைப் போடுகிறார்கள்? வேறு நாட்டு மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கலாம். அல்லது படிக்கிறவர் பயந்துவிடுவார் என்பதற்காகவே இருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அப்ப வேலையில இருக்கும்போதே சனி ஞாயிறு வேற கம்பெனிக்கு லாரி ஓட்டலாமா?

அக்ரிமெண்டில் கூடாது என்றிருந்தால் ஓட்டாதீர்கள். முந்தைய பதில் வேலையை விட்ட பிறகு பற்றியது. சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போது விசுவாசமாக இருக்கச் சொல்வதை 28ஆம் பிரிவு தடுக்காது. இதில் மாட்டி வேலை போனவர்களை எனக்குத் தெரியும்.

ரகசியத்தை வெளியில சொல்லக்கூடாதுன்னு ஒரு பாரா இருக்கே. அதுவும் செல்லாதா?

அது செல்லும், வேலையை விட்ட பிறகும் செல்லும். கம்பெனியின் தாள்களை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டித் தொழில் தொடங்கிய ஊழியர்கள் மேல் 1997இல் ஷ்மிட் சயின்டிஃபிக் வழக்கு நடந்தது. ரகசியம் காக்கும் கடமை வேலையோடு முடிந்துவிடாது என்று அதில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பெனி பெயர் மாறினாலும் இந்தக் கடமை மாறாது. காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. தொழில் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டிருந்தாலும் “உனக்கும் எனக்கும் ஒப்பந்தம் இல்லை” என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். நம்பிச் சொன்ன ரகசியத்தை ஒப்பந்தம் இல்லாமலேயே நீதிமன்றம் காப்பாற்றும்.

எது ரகசியம் என்பதில்தான் சண்டை. எந்தச் சிறுதோட்டக்காரர் மாதம் எத்தனை டன் குலை போடுகிறார், அவருக்கு டன்னுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறார்கள் என்ற பட்டியல் கம்பெனியுடையது. ஆனால் லாரியில் ஏறி நின்று, குலையின் நிறத்தையும் கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தையும் பார்த்து இது பழுத்தது, இது காய் என்று ஒரே பார்வையில் பிரிக்கிறீர்களே, அந்தக் கண் உங்களுடையது. அதை எந்த ஆலைக்கும் கொண்டு போகலாம். கடைசி நாளில் அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்கிறார்கள் சிலர். அந்தப் படமே அவர்களுக்கு எதிரான சாட்சி.

பழைய கஸ்டமருக்கு போன் பண்ணக்கூடாதாம், கூட வேலை செஞ்ச ஆளுங்களையும் கூப்பிடக்கூடாதாம்.

இது இரண்டுக்கும் நடுவில். பிழைப்பையே நடத்த முடியாத அளவுக்குத் தடுத்தால் 28ஆம் பிரிவை எடுத்து வாதாடலாம். பட்டியலைத் திருடி அதை வைத்து போன் பண்ணினால் முந்தைய பதிலில் மாட்டிக்கொள்வீர்கள். பழைய கஸ்டமரே உங்களைத் தேடி வந்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அவர் முதலில் அனுப்பிய மெசேஜை அழிக்காதீர்கள்.

பாய்லர் கோர்ஸுக்கு அனுப்பினாங்க. 3 வருஷம் இருக்கணும், இல்லன்னா 12,000 ரிங்கிட் கட்டணும்னு பாண்டு. பேரு மாறினா அது போயிடுமா?

போகாது. இதைத் தொழில் தடை என்று சொல்லித் தள்ளவும் முடியாது. எங்கே வேண்டுமானாலும் போ, செலவைக் கொடுத்துவிட்டுப் போ என்றுதான் அது சொல்கிறது. ஆனால் எழுதிய தொகை முழுவதும் கட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது. கோர்ஸ் செலவு 3,000, அதில் இரண்டரை வருடம் வேலை செய்து கழித்தாகிவிட்டது என்றால் 12,000 கேட்பது நியாயமா என்று வாதாட இடம் உண்டு. கடைசி மாதச் சம்பளத்தில் அவர்கள் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. வேலைச் சட்டம் 24ஆம் பிரிவு எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது.

நம்பரே மாறி, பழைய கம்பெனி தொழிலை விற்று உங்கள் வேலையை முடித்துவிட்டது என்றால் நிலைமை தலைகீழ். 3 வருடம் இருக்க விடாதது அவர்கள்தானே?

புது பேருல 14 பக்க லெட்டர் கொடுத்து, இப்பவே கையெழுத்து போடு, நாளைக்கு அனுப்பணும்ங்கிறாங்க. போடலாமா?

வெறும் பெயர் மாற்றம் என்றால் புது ஒப்பந்தமே தேவையில்லை. இன்ன தேதியிலிருந்து பெயர் இது, மற்றது எதுவும் மாறவில்லை என்று ஒரு பக்க அறிவிப்பு போதும். 14 பக்கம் வருகிறது என்றால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. வேலையில் சேர்ந்த தேதி பழையதா புதியதா, சர்வீஸ் தொடர்கிறதா, அலவன்ஸ் குறைந்திருக்கிறதா, முன்பு இல்லாத பாண்டு நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கே நடந்தது. நான் இருந்த தோட்டம் கைமாறியபோது எங்களை வரிசையில் நிற்க வைத்து இரண்டு தாள் கொடுத்தார்கள். ஒன்று ராஜினாமா, மற்றது புது நியமனம். “சும்மா ஃபார்மாலிட்டி” என்றார் மேனேஜர். ஆபீஸ் கிராணி, ஆயிரம் பேருக்கு ஃபாரம் நிரப்பியவள், படிக்காமல் போட்டேன். 11 வருட சர்வீஸ் அந்த முதல் தாளோடு போனது. அன்று பெய்த மழையில் பேனா மை கலங்கியதுகூட நினைவில் இருக்கிறது, தாளில் என்ன எழுதியிருந்தது என்பது இல்லை. அதனால் சொல்கிறேன்: ராஜினாமா என்று தலைப்பு இருந்தால் கை வைக்காதீர்கள். ஒரு நாள் அவகாசம் எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போட மறுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61ஆவது நாள் போனால் கேட்க மாட்டார்கள்.

நாங்க யூனியன் மெம்பர். யூனியன் போட்ட அக்ரிமெண்டும் கைமாறும்போது போயிடுமா?

கூட்டு ஒப்பந்தத்துக்கு விதி வேறு. 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, தொழிலியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் முதலாளிக்குப் பின் அந்த இடத்துக்கு வருகிறவரையும் கட்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கு என்யுபிடபிள்யூ, தோட்ட ஊழியர்களுக்கு அம்சு என்று சங்கங்கள் தோட்ட முதலாளிகள் சங்கமான மாப்பாவோடு பேசிப் போடுவது இந்த வகை. தனி ஆளின் ஒப்பந்தம் கதவருகே நின்றுவிடும், சங்கத்தின் ஒப்பந்தம் உள்ளே நடந்து போகும். சந்தா கட்டுவது வீண் என்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

என் அக்ரிமெண்ட்ல “கம்பெனியும் அதன் வாரிசுகளும்”னு போட்டிருக்கு. அப்ப எந்தக் கம்பெனி வந்தாலும் நான் கட்டுப்பட்டவனா?

முன்கூட்டியே சம்மதம் கொடுத்துவிட்டீர்கள் என்று அவர்களுடைய வக்கீல் வாதாட அந்த வரி உதவும். வரப்போகும் ஆள் யாரென்றே தெரியாமல் கொடுத்தது சம்மதம் ஆகுமா என்று உங்கள் பக்கமும் வாதாடலாம். இதில் பணம் கொட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: அவர்கள் பிடித்துக்கொள்ள நினைப்பது வேலை செய்யக்கூடாது என்ற ஷரத்து என்றால், யார் கைக்குப் போனாலும் அது 28ஆம் பிரிவில் விழும். ரகசியமோ பாண்டோ என்றால்தான் இந்த வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

மகன் சிங்கப்பூர் கம்பெனியில. அக்ரிமெண்ட்ல சிங்கப்பூர் சட்டம்னு இருக்கு. அவனுக்கும் இதே பதிலா?

இல்லை. சிங்கப்பூரில் நம் 28ஆம் பிரிவு மாதிரி ஒன்று கிடையாது. அங்கே தடை நியாயமான அளவில் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். அவனை அங்கேயே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு அக்கா. 7 நாள்ல வேலையை விடணுமாம், இல்லன்னா கோர்ட்டாம். கை நடுங்குது.

முதலில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். வக்கீல் கடிதம் கோர்ட் உத்தரவு இல்லை. அவருடைய கட்சிக்காரர் சொன்னதை அவர் எழுதியிருக்கிறார். அதில் கட்சிக்காரரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். உங்கள் அக்ரிமெண்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எந்த ஷரத்தை மீறினீர்கள் என்கிறார்கள் என்று அடிக்கோடு போடுங்கள். பாதிப் பேருடையது இதிலேயே தெளிந்துவிடும்.

பதில் எழுதாமல் அலமாரியில் வைக்காதீர்கள். பழைய மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்பும் கேட்காதீர்கள். அதை ஒப்புதலாகக் காட்டுவார்கள். காசு இல்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள். போகும்போது அக்ரிமெண்ட், பழைய பே ஸ்லிப் ஒன்று, புது பே ஸ்லிப் ஒன்று, பெயர் மாற்றச் சுற்றறிக்கை எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். நோட்டீஸ் வந்த உறையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதி முத்திரை அதில்தான் இருக்கிறது.